புதுப்பிப்பு: முட்டைக்கோழிகளின் மூச்சிரைப்பும் சுருங்கிய ஓடுகளும்

அவிசாவளைப் பக்கமுள்ள எங்கள் பண்ணையில் முட்டைக்கோழிகள் இரவில் கரகரவென்று மூச்சிழுப்பதையும், ஓடு சுருக்கம் விழுந்த முட்டைகள் வருவதையும் குறிப்பிட்டு, இது ராணிக்கெட் நோயாக இருக்குமோ என்று முன்னர் கேட்டிருந்தேன். ஆய்வுகூட முடிவு வந்துவிட்டது: தொற்று மூச்சுக்குழாய் அழற்சி. 1931இல் அமெரிக்காவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோயை உண்டாக்குவது ஒரு கொரோனா வைரஸ். (அது மனிதருக்குத் தொற்றாது என்பதை, எங்களிடம் முட்டை வாங்கும் கொழும்புக் கடைக்காரர்களுக்கு விளக்குவதே பெரும்பாடாகிவிட்டது.) இவ்வைரஸ் முட்டைக்குழாயையும் தாக்குவதால்தான் ஓடு கெடுகிறது, உடைத்துப் பார்த்தால் வெள்ளைக்கரு திரண்டு நிற்காமல் தண்ணீராகத் தட்டில் பரவுகிறது. ராணிக்கெட்டில் காணப்படும் கழுத்துத் திருகல் எங்கள் கோழிகளில் இல்லை.

நுண்ணுயிர்க்கொல்லி வைரஸை ஒன்றும் செய்யாது என்றும், பின்தொடரும் பக்டீரியாத் தொற்றுக்கு மட்டுமே அது உதவும் என்றும் மிருக வைத்தியர் சொன்னார். அடுத்த தொகுதிக் குஞ்சுகளுக்கு உயிருள்ள தடுப்பு மருந்தைக் குடிநீரில் கொடுக்கவிருக்கிறோம். குழாய்நீரிலுள்ள குளோரின் அம்மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால், லீற்றருக்கு 2.5 கிராம் வீதம் கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கரைத்த பிறகே அதைக் கலக்க வேண்டும். வெவ்வேறு வயதுக் கோழிகளை ஒரே கூரையின்கீழ் வளர்ப்பதையும் நிறுத்துகிறோம். இடநெருக்கடியில் அதுதான் கடினமான வேலை.