தெரு நடுவே வார்டு எல்லை: கணக்கெடுப்பு முடிந்தால் மாறுமா?

கேள்வி கேட்டவர்: தறிவீடு, அம்மாபேட்டைப் பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் அம்மாபேட்டைப் பக்கம் குடியிருக்கிறோம். எங்கள் தெரு கிழக்கு மேற்காகப் போகிறது, அகலம் 12 அடிதான். வடசாரியில் 26 வீடு, தென்சாரியில் 31 வீடு. எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பேசினால் எங்கள் வீட்டுக்குள் கேட்கும். ஆனால் வடசாரி ஒரு வார்டு, தென்சாரி வேறு வார்டு. 2022 உள்ளாட்சித் தேர்தலில் நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் ஓட்டுப் போட்டோம், எதிர்வீட்டார் வேறு பக்கம் போனார்கள்.

ஓட்டுப் போட எங்கே போனாலும் பரவாயில்லை. பிரச்சினை சாக்கடையில்தான். அது தென்சாரியை ஒட்டி ஓடுகிறது. தெரு வாட்டம் வடக்கே சாய்ந்திருப்பதால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் எங்கள் வாசலுக்குத்தான் வரும். போன ஐப்பசி மழையில் தறிக்குழிக்குள்ளேயே இறங்கிவிட்டது. தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூல் அடிப்பக்கம் நனைந்துபோய் அப்பா மூன்று நாள் தறியில் உட்காரவில்லை. எங்கள் கவுன்சிலரிடம் சொன்னால் சாக்கடை அந்த வார்டுக் கணக்கில் இருக்கிறது என்கிறார். அந்த வார்டுக் கவுன்சிலரிடம் போனால், புகார் கொடுக்கிற நீங்கள் என் வார்டு இல்லையே, என் ஆட்கள் யாரும் சொல்லவில்லையே என்கிறார். இரண்டு பேரையும் குறை சொல்ல மாட்டேன், நேரில் வந்து பார்த்தவர்கள்தான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது, அது முடிந்ததும் வார்டு எல்லையை மாற்றி வரைவார்கள் என்று சொல்கிறார்கள். அப்போது எங்கள் தெரு ஒரே வார்டுக்குள் வருமா? யார் வரைவார்கள்? எப்போது, எங்கே மனு கொடுப்பது? டிவியில் பேசும் தொகுதி மறுவரையறை இதுதானா? போன நவம்பரில் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்களே, அதுவும் இந்தக் கணக்கெடுப்பில் சேர்த்தியா?

பதில் 1: ஜங்ஷன் வாசி

மூன்றும் வேறு வேறு வேலை, போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நவம்பரில் கொடுத்தது வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம். அது 18 வயதானவர்களுக்கு மட்டும். கணக்கெடுப்பில் நேற்றுப் பிறந்த குழந்தையும் ஓர் ஆள். வார்டின் அளவைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது எண்ணிக்கை.

டிவியில் பேசுவது சட்டமன்றம், நாடாளுமன்றம் பற்றியது. சேலம் வடக்கு, தெற்கு, மேற்கு என்று இப்போது இருக்கும் மூன்றும் 2001 கணக்கெடுப்பை வைத்து 2008இல் வந்த வரையறை. அதற்கு முன் சேலம் 1, சேலம் 2 என்று இருந்தது. இடங்களின் எண்ணிக்கையை 2026க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை தொடக் கூடாது என்று 2001இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். டிவிச் சண்டை அதைச் சுற்றித்தான்.

மாநகராட்சி வார்டு மாநில அரசின் பொறுப்பு. 2017இல் தனிச் சட்டம் போட்டு மறுவரையறை ஆணையம் அமைத்தார்கள், மாநிலத் தேர்தல் ஆணையர் அதற்குத் தலைவர். 2011 கணக்கெடுப்பை வைத்து 2018இல் முடித்தார்கள். அந்த எல்லையில்தான் 2022 பிப்ரவரி 19 அன்று ஓட்டுப் போட்டோம். மனு கொடுத்து அனுபவப்பட்டவர்கள் யாராவது மீதியைச் சொல்லுங்கள்.

பதில் 2: குகை டீச்சர்

தம்பி, 2011 கணக்கெடுப்பில் நான் கணக்கெடுப்பாளராக வேலை பார்த்தேன். 2018 ஜனவரியில் எங்கள் தெருவுக்காக மனுவும் கொடுத்தேன். என் மனு நிற்கவில்லை. பக்கத்துத் தெருவின் மனு நின்றது. ஏன் என்று எனக்குப் புரியவே பல மாதம் ஆனது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எண்ணும் முறை. ஊரை வார்டு வார்டாகப் பிரித்து, ஒவ்வொரு வார்டையும் பிளாக் பிளாக்காகப் பிரிப்பார்கள். எனக்குக் கொடுத்த பிளாக்கில் சுமார் 650 பேர். முதல் வேலை கையால் வரைபடம் போடுவது. வடக்கு எது என்று அம்புக்குறி, கெட்டி வீட்டுக்குச் சதுரம், கூரை வீட்டுக்கு முக்கோணம், குடியிருப்பு அல்லாத கட்டடத்துக்கு உள்ளே கோடு கோடாக நிரப்ப வேண்டும். அப்புறம் 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை ஆள் எண்ணினோம். 28ஆம் தேதி இரவு பஸ் ஸ்டாண்டு, கோவில் வாசல் என்று வீடில்லாமல் படுத்திருப்பவர்களை எண்ணினோம். மார்ச் 1 முதல் 5 வரை மறுபடி வீடு வீடாகப் போய், இடையில் பிறந்தது, இறந்தது பார்த்துச் சரிசெய்தோம்.

இதில் உங்களுக்கு முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு பிளாக் வார்டு எல்லையைத் தாண்டாது. அதனால் உங்கள் வடசாரி ஒரு பிளாக்கிலும் தென்சாரி வேறு பிளாக்கிலும்தான் விழும், எண்ண வருகிறவரும் வேறு வேறு ஆளாக இருப்பார். பிறகு வார்டை மாற்றி வரையும்போது ஒவ்வொரு வீடாகப் பார்த்து நகர்த்துவதில்லை, மேசையில் இருப்பது இப்படி எண்ணி வைத்த துண்டுகள்தான். சேலத்தில் 2011 கணக்குப்படி 8,29,267 பேர், வார்டு 60. சராசரி ஒரு வார்டுக்கு 13,800 பேர், அதாவது இருபது இருபத்தொரு பிளாக். அந்தத் துண்டுகளைச் சேர்த்தும் கழித்தும் ஒவ்வொரு வார்டையும் கூடியவரை சமமாகக் கொண்டு வருவார்கள்.

அப்படியென்றால் தெரு நடுவே ஏன் கோடு? அரசிதழில் எல்லையை எழுத்தில் எழுத வேண்டும் தம்பி. வடக்கே இது, கிழக்கே இது, தெற்கே இது, மேற்கே இது என்று. ரயில் பாதை, ஓடை, பெரிய ரோடு இருந்தால் எழுதச் சுலபம். திருமணிமுத்தாறு ஓடும் இடத்தில் எல்லை வைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அவை இல்லாத நெருக்கமான இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற கோடு தெருதான். இந்தச் சாரி வீட்டுப் பின்சுவரும் அடுத்த தெரு வீட்டுப் பின்சுவரும் ஒட்டி நிற்கும் இடத்தை எல்லை என்று காகிதத்தில் எப்படி எழுதுவது? அதனால் தெருவையே எல்லையாக்கிவிடுகிறார்கள். யாரும் வேண்டுமென்று உங்களைப் பிரிக்கவில்லை என்பது என் எண்ணம். ஆனால் பின்சுவர் பக்கத்துக்காரரோடு யாருக்கும் பேச்சு வார்த்தை இருக்காது, எதிர்வாசலோடுதான் நம் வாழ்க்கையே இருக்கிறது. எல்லை விழக்கூடாத இடத்தில் விழுகிறது, அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இனி என் மனு. 2017 டிசம்பர் கடைசியில் வரைவு வெளியானது. ஆட்சேபனைக்கு முதலில் கொடுத்த கெடு சில நாள்தான், பிறகு ஜனவரியில் கொஞ்சம் நீட்டினார்கள். எங்கள் தெரு இரண்டாகியிருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம். இரண்டு நாளில் 140 கையெழுத்து வாங்கினேன். தலைமுறை தலைமுறையாக ஒன்றாக இருக்கிறோம், ஆடித் திருவிழாவுக்கு ஒன்றாகக் கூழ் ஊற்றுகிறோம், எங்களைப் பிரிக்காதீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதினேன். எழுதியது ஒவ்வொரு வரியும் உண்மை. ஏற்கவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு சர்வேயர் இருந்தார். அவர் மனு அரைப் பக்கம், 11 கையெழுத்து. ஆனால் பின்னால் ஒரு வரைபடம் வைத்தார். வரைவில் எல்லை இங்கே போகிறது, அதை இரண்டு சந்து தள்ளி ஓடைக்கரைக்கு மாற்றுங்கள், மாற்றினால் இந்த வார்டுக்கு இத்தனை வீடு கூடும், அந்த வார்டுக்கு இத்தனை வீடு குறையும், அதற்கு ஈடாகத் தெற்கு மூலையில் இந்தத் துண்டை அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார். இறுதி அறிவிப்பில் ஏறக்குறைய அப்படியே வந்தது. நான் எங்களைப் பிரிக்காதீர்கள் என்று மட்டும் கேட்டேன். கோட்டை வேறு எங்கே போடலாம் என்று சொல்லவே இல்லை. எங்கோ ஓரிடத்தில் கோடு விழுந்துதான் ஆக வேண்டும், அந்த இடத்தைக் கேட்பவர்தான் காட்ட வேண்டும்.

தறிவீடு

டீச்சர், இதை அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். ரொம்ப நன்றி. அப்படியென்றால் இந்த வருடமே வரைபடத்தோடு மனு கொடுத்துவிடலாமா? அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் மாறிவிட்டால் அடுத்த மழைக்கு நிம்மதி.

பதில் 3: சேர்வராயன் மலை

ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். எங்களுடையது கிராம ஊராட்சி வார்டு, உங்கள் அளவு பெரிதில்லை. ஆனால் எண்ணிக்கை தப்பினால் எல்லையும் தப்பும் என்பது இங்கே இன்னும் கடுமை. காகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு ஊருக்கு நடுவே பள்ளம் இருக்கும், சுற்றிப் போனால் ஒரு மணி நேரம். பிப்ரவரி என்பது காப்பிப் பழம் பறிப்பு முடிகிற சமயம். எஸ்டேட் லைன் வீடுகளில் பறிப்புக்கு வந்தவர்கள் சிலர் தங்கியிருப்பார்கள், சிலர் ஊர் திரும்பிக்கொண்டிருப்பார்கள். மலையாளி என்று பெயருள்ள எங்கள் பழங்குடி மக்களில் கேரளாவுக்கு மிளகு, காப்பி வேலைக்குப் போய்விட்டவர்களும் உண்டு. யாரை எங்கே எழுதுவது என்பதில் கணக்கெடுப்பாளர் கவனமாக இல்லையென்றால் ஒரு சிற்றூரே பாதியாகிவிடும். பழங்குடி வார்டு ஒதுக்கீடு இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் வருகிறது, அதனால் எங்களுக்கு இது எல்லையோடு முடிகிற விஷயம் இல்லை.

தறிவீடு நண்பருக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் தெருவில் பெங்களூரு, திருப்பூர் போனவர்கள் இருந்தால் எண்ணுகிற நாட்களில் எங்கே இருப்பார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

குகை டீச்சர்

மலைக்காரர் சொன்னது ரொம்பச் சரி. 2011இல் அந்த இருபது நாளும் முழுக்க ஊரில் இல்லாதவரை அவர் சொந்த வீட்டுக் கணக்கில் நாங்கள் எழுதவில்லை. பூட்டிய வீடென்றால் இரண்டு மூன்று தடவை போய்ப் பார்க்கச் சொல்வார்கள். பக்கத்து வீட்டார் சொன்ன தகவலால் பல வீடு எனக்குக் கிடைத்தது.

தறிவீடு தம்பி, அடுத்த தேர்தலுக்குள் மாறாது, நம்பிக்கை கொடுத்து ஏமாற்ற எனக்கு மனமில்லை. வீட்டுப் பட்டியல் வேலைக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலம் வைத்திருக்கிறார்கள். ஆள் எண்ணுவது 2027 பிப்ரவரி, கணக்கு நாள் மார்ச் 1. எண்ணும்போது எல்லை நகரக் கூடாது என்பதால் 2025 டிசம்பர் 31ஓடு நிர்வாக எல்லைகளை உறைய வைத்துவிட்டார்கள். இப்போதைய கவுன்சிலர்கள் பதவியேற்றது 2022 மார்ச், ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. தேர்தல் அந்தக் காலத்தில் நடந்தால் கையில் இருப்பது 2011 எண்ணிக்கைதான். புது எண்ணிக்கை வார்டு வாரியாக வெளிவந்து, ஆணையம் உட்கார்ந்து, வரைவு போட்ட பிறகுதான் உங்கள் மனுவுக்கு வேளை வரும்.

அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. 2018 அரசிதழ் அறிவிப்பில் உங்கள் வார்டின் தெருப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் முழுத் தெருவும் ஒரே வார்டில் இருந்து, வாக்காளர் பட்டியலில் மட்டும் பிரிந்திருந்தால் அது பட்டியல் பிழை. அதைத் திருத்த மறுவரையறை வரை காத்திருக்க வேண்டாம், உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் வார்டு வாரியாகப் பட்டியல் வெளியிடும்போதே சொல்லலாம். அறிவிப்பிலேயே பிரிந்திருந்தால் மனுதான் வழி.

சாக்கடைக்கு எல்லை மாறும்வரை பொறுக்க வேண்டாம். 2022இல் இருந்து வார்டுக்குள் பகுதி சபை இருக்கிறது, அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறை சொல்லும் கூட்டம். தென்சாரிக்காரர்கள் தங்கள் பகுதி சபையில் எழுந்து சொல்லட்டும், நீங்கள் அன்றே உங்கள் சபையில் சொல்லுங்கள். என் ஆட்கள் யாரும் சொல்லவில்லை என்று அந்தக் கவுன்சிலர் சொன்னதற்கு அதுதான் பதில். திண்ணைப் பாட்டியைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

எண்ண வருகிறபோது இரண்டு சாரியிலும் ஒரு வீடு விடாமல் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் தறி ஓடுகிற வீட்டைப் பட்டறை என்று நினைத்துத் தாண்டிப் போக வாய்ப்பு உண்டு. பின்கட்டில் வாடகைக்கு இருப்பவர்களும் விட்டுப்போவார்கள், எனக்கே ஒரு வீடு அப்படித் தவறி, மார்ச் 3ஆம் தேதி மறுசுற்றில்தான் பிடித்தேன். உள்ளே கைக்குழந்தையோடு நாலு பேர் இருந்தார்கள்.

தறிவீடு

டீச்சர், ஞாயிற்றுக்கிழமை நானும் எதிர்வீட்டுப் பையனும் நோட்டை எடுத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தோம். பின்கட்டு வாடகை வீடுகளை விட்டுவிட்டு 57 என்று முதலில் எழுதியிருக்கிறேன், சேர்த்தால் 64 குடும்பம் வருகிறது. வடசாரியில் 109 பேர், தென்சாரியில் 138 பேர். பெங்களூரு போனவர்கள் ஏழு பேர், அவர்களைத் தனியாகக் குறித்திருக்கிறோம்.

தெற்கே இரண்டு சந்து தள்ளி அகலமான ரோடு ஒன்று இருக்கிறது, லாரி போகிற ரோடு. எல்லையை அங்கே வைக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் நடுவில் இருக்கிற இரண்டு சந்துக்காரர்களும் எங்கள் வார்டுக்கு வரச் சம்மதிக்க வேண்டுமே. வருகிற ஞாயிறு அவர்களிடம் போய்ப் பேசப் போகிறோம். அப்பாவும் வருகிறேன் என்கிறார், அந்தச் சந்தில் அவருக்குப் பாவு ஓடிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்களாம்.