புதுப்பிப்பு: நாடகத்துக்குப் போகும் நாளில் எங்கே சாப்பிடுவது?
நாடகம் பார்க்கப் போகும்போது கையைக் கடிக்காமல் எங்கே சாப்பிடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்தேன், ரொம்ப நன்றி. அரங்கை ஒட்டிய கடைகளை விட்டு நாலு தெரு தள்ளிப் போனால் விலை நன்றாகவே இறங்குகிறது. அப்புறம், கூட்டம் வருவதற்கு முன் மேசைகள் காலியாகக் கிடக்கும் நேரத்துக்கென்றே சில உணவகங்கள் குறைந்த விலையில் தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன, ஆனால் கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள், அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். உட்கார்ந்ததுமே நாடகம் எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டு, சாப்பாடு வரும்போதே பில்லையும் வாங்கிவிட்டேன், கடைசி நேர ஓட்டம் இல்லை. நாடகம் முடிந்த பிறகு சாப்பிடுவதுதான் சிக்கல். கடை திறந்திருக்கும், அடுப்பை அணைத்திருப்பார்கள். கடைசி ஆர்டர் எப்போது என்று போனில் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.