எங்களுக்கு மட்டும் 'காரர்' வராது

மயிலாப்பூர்ல இருக்கிறவர் மயிலாப்பூர்க்காரர். மாம்பலத்துல இருந்தா மாம்பலத்துக்காரர். நாங்க மட்டும் நரைச்சாலும் 'கண்ணகி நகர் பசங்க'!

2000 வாக்குல, சென்னை நகரத்துக்குள்ள குடிசையில இருந்தவங்களைக் குடிசை மாற்று வாரியம் கொண்டுவந்து விட்ட இடம் இது. எங்களுக்குள்ள அந்தப் பேரே புழங்காது. எதிர் வீட்டுல சேத்துப்பட்டு அக்கா, கீழ் வீட்டுல ஐஸ் அவுஸ் தாத்தா. அம்மா இன்னிக்கும் "நம்ம மந்தவெளியில..."ன்னுதான் ஆரம்பிப்பாங்க. எல்லாரையும் ஒண்ணாச் சேர்த்துப் பேர் வெச்சது வெளியில இருக்கிறவங்க.

படிச்சு முடிச்சதும் ஒரு இன்டர்வியூ. எல்லாம் நல்லாப் போச்சு. கடைசியில பயோடேட்டாவைத் திருப்பி முகவரியைப் பார்த்தவர், "ஓ, கண்ணகி நகரா?"ன்னு ஒரு இழுவை. "கால் பண்றோம்." பண்ணலை. அடுத்த கம்பெனிக்கு 'துரைப்பாக்கம், சென்னை 97'னு மட்டும் போட்டேன். பின்கோடு பொய் சொல்லாது பாருங்க, ஐடி கம்பெனிக்கும் எங்களுக்கும் அதே 600097தான். வேலை கிடைச்சுது.

நைட் ஷிப்ட் முடிஞ்சா கேப்ல வருவேன். சிக்னல்லயே இறங்கி, வண்டி போனப்புறம் உள்ளே நடப்பேன். எட்டு மாசம் இப்படி. ஒருநாள் செம மழை. டிரைவர் அண்ணன் நிறுத்தாம உள்ளே திருப்பிட்டார். "எந்த பிளாக்கு தம்பி? நான் பக்கத்துல எழில் நகர்தான்" அப்படின்னார். எட்டு மாசமாப் பார்த்துட்டே இருந்திருக்கார் மனுஷன்.

—

நீங்க கண்ணகி நகர், நான் செம்மஞ்சேரி. சுனாமிக்கு அப்புறம் கடலோரத்துல இருந்து கொண்டுவந்தாங்க. ஸ்கூல்ல டீச்சர் "சுனாமி பசங்கல்லாம் எந்திரிங்க"ம்பாங்க. நோட்டு குடுக்கத்தான், திட்ட இல்லை. ஆனா என் பக்கத்துல எழுந்த பொண்ணு சைதாப்பேட்டையில இருந்து வந்தவ. அவ கடலையே சரியாப் பார்த்ததில்லை, அவளும் சுனாமிதான்.

—

நானும் கண்ணகி நகர்தான், டெலிவரி வேலை. 2025 அக்டோபர்ல நம்ம கார்த்திகா பஹ்ரைன்ல கபடியில தங்கம் அடிச்சுதே, அந்த வாரம் அடையாறுல ஒரு பெரியவர் "எங்கப்பா வீடு?"ன்னார். பழக்கதோஷத்துல துரைப்பாக்கம்னு ஆரம்பிச்சு, என்ன தோணுச்சோ, கண்ணகி நகர்னே சொல்லிட்டேன். "அட, கார்த்திகா ஊரா! தெரியுமா அந்தப் பொண்ணை?" எனக்கு எங்கே தெரியும். "ரெண்டு தெரு தள்ளி சார்"னு புளுகிட்டு வந்துட்டேன்.