அக்கா இங்க இருக்கா, தம்பியைக் கேட்கிறார்

செங்காங் அம்மா:
சனிக்கிழமை நடந்தது. மகளைக் காற்பந்துப் பயிற்சியில் சேர்க்கப் போனோம், தொடக்கநிலை 4. பூட்ஸ், ஷின் கார்டு எல்லாம் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சின்னவன் சும்மா கூட வந்தவன். காலில் சிலிப்பர், கையில் மைலோ பாக்கெட். பேர் எழுதியவர் குனிந்து அவனிடம், "தம்பி, எந்த பொசிஷன்?" என்கிறார். "நான் இல்ல, அக்கா" என்றான். அவர் மகளைப் பார்த்துவிட்டு என்னிடம், "நெட்பால் இருக்கேம்மா" என்றார். கூடைப்பந்து மாதிரி, பெண்பிள்ளைகள் ஆட்டம் என்று பேர். அவள் ஒன்றும் பேசவில்லை. கட்டியிருந்த லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள். பேர் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அந்தக் குனிந்த தலை கண்ணிலேயே நிற்கிறது.

பழைய நெட்பால்காரி:
அவர் பேசியது தப்பு, சரி. அதற்காக நெட்பாலைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். பந்து கைக்கு வந்தால் 3 விநாடிக்குள் போட்டாக வேண்டும், அதையும் ஆடிப் பார்த்தால்தான் தெரியும். 4 வருடம் ஆடினேன். எனக்கு உறுத்துவது வேறு. ஒரு கல்யாணத்தில் அத்தை என் கையை இழுத்துத் தங்கச்சி கையோடு ஒட்டி வைத்து, "வெயில்ல விட்டு இப்படிக் கறுக்க வெச்சிட்டீங்களே" என்றார். அப்பா பக்கத்திலேயே இருந்தார். வாயைத் திறக்கவில்லை.

ஈசூன்காரர்:
1983ல் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி இங்கே சிங்கப்பூரில் நடந்தது. பெண்கள் மாரத்தானில் நம் கே. ஜெயமணிக்குத் தங்கம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே அடுத்த வருடம்தான். அந்த வாரம் என் தங்கை, "அண்ணே, நானும் ஓட்டத்துல சேரவா?" என்று கேட்டாள். "அம்மாவுக்கு யார் ஒத்தாசை பண்றது?" என்றேன். நான் ஒரு நாள்கூட ஒத்தாசை பண்ணியதில்லை. அவள் அப்புறம் கேட்கவே இல்லை.

ஓட்டக்காரியின் அம்மா:
அண்ணே, இப்போதாவது தங்கையிடம் அதைச் சொல்லுங்கள். 2023ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் சாந்தி பெரேரா 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றதும் என் மகள் அவர் ஓடிய விநாடிக் கணக்கை 23.03 என்று எழுதிக் கதவில் ஒட்டினாள். வீட்டுக்கு வந்த சித்தப்பா அதை நாலிலக்க லாட்டரி எண்ணாக நினைத்து, "4டி நம்பரா?" என்றார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செங்காங் அம்மா, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி இறங்கப் பழக்குகிறார்களா என்று பாருங்கள். முழங்கால் தசைநார் கிழிவது பெண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம். வளரும் கால் என்று பூட்ஸைப் பெரிதாக வாங்காதீர்கள். சீருடை அரைக்கால் சட்டை வெள்ளையா என்றும் கேளுங்கள். வெள்ளை என்றால் இப்போதே மாற்றச் சொல்லுங்கள், அவள் பெரியவளாகும் வரை காத்திருக்க வேண்டாம். 2023 உலகக் கிண்ணத்துக்கு இங்கிலாந்துப் பெண்கள் அணியே வெள்ளையை விட்டு நீலத்துக்கு மாறியது. மாதவிலக்கு நாளில் பந்தைப் பார்ப்பாளா, சட்டையைப் பார்ப்பாளா?

செங்காங் அம்மா:
கேட்டுவிட்டேன், கறுப்புதான். புதன்கிழமை முதல் பயிற்சி. பூட்ஸைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.