எஸ்கேப் ரூம் போனவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். வரும் ஞாயிறு சென்னையில் ஒரு எஸ்கேப் ரூமுக்கு ஆறு பேர் போகிறோம். அக்கா பையனுக்கு 12 வயது முடிகிறது, அவன் ஆசை. 60 நிமிடத்துக்குள் துப்புகளைச் சேர்த்துப் பூட்டுகளைத் திறந்து வெளியே வர வேண்டும் என்பது வரை தெரியும். 2007இல் ஜப்பானின் கியோட்டோவில் தொடங்கிய விளையாட்டாம்.

என் கவலை அம்மாதான். லிஃப்ட் கதவு மூடினாலே முந்தானையை விரலில் சுருட்டிக்கொள்வார். போனில் விசாரித்தபோது, கதவுப் பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினால் உடனே திறந்துவிடும், கேமராவில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார் என்றார்கள். சரி என்று முன்பணமும் கட்டிவிட்டேன். ஆனாலும் உள்ளே எவ்வளவு இருட்டாக இருக்கும்? திடீர் சத்தம் வருமா? பயமில்லாத கதை உள்ள அறையாகக் கேட்டு வாங்க முடியுமா?

அப்புறம், மாட்டிக்கொண்டால் துப்பு கேட்கலாமாமே, அதற்கு நேரத்தைக் கழிப்பார்களா? ஆறு பேரும் ஒரே பூட்டைச் சுற்றி நிற்காமல் வேலையை எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள்? (சூட்கேஸின் மூன்று இலக்க எண்ணை மறந்துவிட்டு 000இலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிய குடும்பம் எங்களுடையது.)

விடையை மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், பையன் அழுதுவிடுவான்.