கூடுதல் வேலைக்கான தொகையைப் பெற வழி கேட்டு

குழுவினருக்கு வணக்கம். சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசி நான் கட்டி முடித்த வீட்டில், கரிசல் மண் வந்ததால் கடைக்காலை 5 அடியிலிருந்து 7 அடிக்கு இறக்கியதற்கும், கேட்டபடி நீர்த்தொட்டியைப் பெரிதாக்கியதற்கும் உரிய தொகையை, எழுத்தில் இல்லை என்று கூறி உரிமையாளர் தர மறுக்கிறார். முன்பே எழுதி வாங்காதது என் பிழைதான். ஆனால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் முழுக்கூலி கொடுத்துவிட்டேன். இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் முறையாகச் செய்த வேலையின் பயனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு. கம்பி கட்டியபோது எடுத்த படங்களும், அளவுக் குறிப்பேடும், ஆழத்தைக் கூட்டச் சொன்ன வாட்ஸ்அப் குரல் பதிவும் என்னிடம் உள்ளன. வழக்குத் தொடர 3 ஆண்டுக் காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கும் நிலையில், வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புவதற்கு முன் இருவருக்கும் பொதுவான பொறியாளரை வைத்து அளந்து சமரசம் பேசுவது பயன் தருமா? இதில் அனுபவமுள்ளவர்கள் அருள்கூர்ந்து வழிகாட்டுங்கள்.