வண்டி இன்சூரன்ஸ்ல பி.ஏ. (பர்சனல் ஆக்சிடென்ட், தனிநபர் விபத்து) கவர்னா என்னங்க? கை முறிவுக்குப் பணம் வருமா?

வணக்கமுங்க. போன மாசம் தறி வேலை முடிஞ்சு வரும்போது, பல்லடம் பக்கம் ரோட்டுல கொட்டிக் கெடந்த ஜல்லியில வண்டி வழுக்கி என்ற மச்சானுக்கு வலது மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. பிளேட் வெச்சிருக்காங்க. மூணு விரல் இன்னும் மடங்கல. காப்பி டம்ளரை இடது கையிலதான் புடிக்கிறார்.

வண்டி பாலிசியில "ஓனர் டிரைவர் பி.ஏ. கவர் 15 லட்சம்"னு இருக்குங்க. ஆஸ்பத்திரிச் செலவு வந்துரும்னு நெனச்சோம். ஆனா பி.ஏ. கவர் இறப்பு, கை கால் இழப்பு, பார்வை போறது, நிரந்தர முழு ஊனம், இதுக்குத்தானாம். தேர்ட் பார்ட்டிங்கறது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆனதுக்கு. அதுவரைக்கும் புரிஞ்சுது. (இத்தனை வருசம் பிரீமியம் கட்டியும் அந்தத் தாளை ஒருத்தரும் படிக்கல, எங்க தப்புத்தான்.)

பேங்க்ல வருசம் 20 ரூபா புடிக்கிற பிரதமர் சுரக்ஷா பீமாவும் (விபத்துக் காப்பீடு) இருக்கு. அதுல ஒரு கை மொத்தமா செயல் இழந்தா 1 லட்சமாம். விரல் மடங்காட்டி அதுல சேருமாங்க? ஊனச் சான்றிதழுக்கு இப்பவே போகோணுமா, பிளேட் எடுத்த பொறகா? தனியா விழுந்ததுதானேன்னு போலீஸ்ல எழுதிக் குடுக்கவே இல்லீங்க. கிளெய்ம் பண்ணுனவங்க இருந்தா சொல்லுங்கண்ணா.